துணையின் ஊரில் ஓய்வுக்காலம்: இந்தியாவுக்கு எந்த விசாவில் வந்து குடியேறுவது?

இந்தியாவில் ஓய்வுக்கால விசா என்று ஒன்று கிடையாது. தாய்லாந்தில் 50 வயது நிரம்பியவர்கள் வங்கியில் இவ்வளவு பணம் இருக்கிறது என்று காட்டி ஆண்டுதோறும் நீட்டித்துக்கொண்டு வாழ்கிறார்களே, அந்த வழி இங்கே இல்லை. ஓய்வூதியம் எவ்வளவு வந்தாலும் சரி, மயிலாப்பூரில் குடும்ப வீடே இருந்தாலும் சரி, அதைச் சொல்லி ஒரு வெளிநாட்டவர் இங்கே குடியிருக்க முடியாது. ஓய்வுபெற்ற ஒருவர் இந்தியாவில் நிலையாகத் தங்குவதற்கு அரசு ஏற்கும் காரணங்கள் இரண்டு: திருமணம், பூர்வீகம். இவற்றில் எதைப் பிடித்துக்கொண்டு வருகிறோம், எப்போது வருகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த இருபது ஆண்டுகளும் அமையும்.

லண்டனிலோ டொராண்டோவிலோ பல காலம் வேலை பார்த்துவிட்டு, கணவரோ மனைவியோ பிறந்த திருச்சிக்கோ நாகர்கோவிலுக்கோ வந்துவிட நினைக்கும் தம்பதியருக்காக எழுதுகிறேன். ஒருவர் இங்கே பிறந்தவர். மற்றவர் ஆங்கிலேயராக இருக்கலாம், பிலிப்பைன்ஸ்காரராக இருக்கலாம், மலேசியத் தமிழராகவோ யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடியக் குடியுரிமை வாங்கியவராகவோ இருக்கலாம். இங்கே பிறந்தவருக்குப் பெரும்பாலும் வழி தெளிவு. கூட வருகிறவர் விஷயத்தில்தான் யோசனை வேண்டும்.

பலர் போடும் கணக்கு இது: “இப்போதைக்கு ஐந்தாண்டு இ-சுற்றுலா விசாவில் போய் இறங்குவோம், மற்றதை அங்கே பார்த்துக்கொள்வோம்.” தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஐந்தாண்டு விசா என்றால் ஐந்தாண்டும் தங்கலாம் என்று அர்த்தமில்லை. ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாளுக்கு மேல் அதில் தங்கக்கூடாது. அமெரிக்கர்களுக்குக் கொடுக்கப்படும் பத்தாண்டு சுற்றுலா விசாவிலும் ஒரு வருகைக்கு 180 நாள்தான். கெடு முடியும்போதெல்லாம் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ விமானம் ஏறுவது 62 வயதில் ஓர் உல்லாசப் பயணமாகத் தோன்றலாம். 76 வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் நாளில் விசா கெடு வந்து நின்றால் என்ன செய்வது? அதைவிட முக்கியம், சுற்றுலா விசாவில் வந்தவர் இந்தியாவுக்குள் இருந்துகொண்டு ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

குடியேற வருகிறவருக்குச் சரியானது வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை, அதாவது ஓசிஐ. ஆயுள் முழுக்கச் செல்லும், எத்தனை முறையும் வந்து போகலாம், எத்தனை ஆண்டும் தொடர்ந்து தங்கலாம், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யத் தேவையில்லை. ஓட்டுரிமை கிடையாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. சமயப் பரப்புரை, இதழியல், ஆராய்ச்சி ஆகியவற்றில் ஈடுபடுவதென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். ஓய்வுபெற்று வருகிறவருக்கு இவற்றில் நிலம் ஒன்றுதான் உறுத்தும். அதைப் பின்னால் பார்ப்போம்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு இந்த அட்டைக்குச் சில வாசல்களைத் திறக்கிறது. நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று பூர்வீகம்: அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26 அன்றோ அதன் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அன்றைக்குக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவர், அப்படிப்பட்டவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை. இன்னொன்று திருமணம்: இந்தியக் குடிமகன் ஒருவரின் அல்லது ஓசிஐ அட்டைதாரர் ஒருவரின் வெளிநாட்டுத் துணை. திருமணம் பதிவாகியிருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் குறைந்தது 2 ஆண்டு இடையறாமல் நீடித்திருக்க வேண்டும்.

இரண்டு வாசலும் திறந்திருக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு பூர்வீகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலேசியத் தமிழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணவர் இந்தியர் என்பதால் துணைக்கான படிவத்தையே எடுத்து நிரப்புகிறார்கள். மனைவியின் பாட்டனோ பூட்டனோ தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர் என்பதற்குக் காகிதம் கிடைக்குமானால், அவர் தன் சொந்த உரிமையிலேயே அட்டை வாங்கலாம். மலையகத் தமிழ்க் குடும்பங்களிலும் இதே வாய்ப்பு உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்ற தாத்தா பாட்டியின் பழைய இந்தியக் கடவுச்சீட்டு வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தேடலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம், தலைமுறைக்குத் தலைமுறை பிறப்புச் சான்றுகளைக் கோத்துக் காட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் அந்த உழைப்புக்குத் தகும். ஏனென்றால் திருமணத்தின் வழியாக வாங்கிய அட்டை திருமணத்தோடு கட்டுண்டது. 7டி பிரிவின்படி மணமுறிவு ஏற்பட்டால் அந்த அட்டை ரத்தாகலாம். பூர்வீகத்தில் வாங்கிய அட்டைக்கு இந்தப் பயம் இல்லை. துணைக்கான விண்ணப்பத்தில் பாதுகாப்புச் சரிபார்ப்பு கட்டாயம் என்பதால் நாளும் கூடுதலாகப் பிடிக்கும்.

சிலருக்கு இரண்டு வாசலும் அடைபட்டிருக்கும். தான், பெற்றோர், தாத்தா பாட்டி, கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி ஆகியோரில் யாராவது ஒருவர் எப்போதாவது பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமகனாக இருந்திருந்தால் ஓசிஐ கிடையாது. பர்மிங்காமில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் தாத்தா சில்ஹெட்டிலிருந்து வந்த வங்கதேசக் குடிமகன் என்றால் அவரும் இந்தத் தடைக்குள் வருவார். வெளிநாட்டு ராணுவத்தில் பணிபுரிகிறவர்களுக்கும் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் ஓசிஐ வழங்குவதில்லை. அமெரிக்கக் கடற்படையில் இருந்து ஓய்வுபெற்ற கணவரை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் வர நினைக்கும் மனைவிக்கு இது கடைசி நேரத்தில் தெரியவந்தால் இடிதான். வீட்டை விற்பதற்கு முன்னால் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது திருமணப் பதிவு. வெளிநாட்டில் முறையாகப் பதிந்த திருமணம் என்றால், சான்றிதழை அந்த நாட்டில் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று அந்த நாட்டு அரசே தரும் சர்வதேசச் சான்று) செய்து வாங்கினால் போதும். அப்போஸ்டில் நடைமுறை இல்லாத நாடென்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டும். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் விருந்து வைத்து, பதிவு செய்யாமலே முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்டவர்கள்தான் திண்டாடுகிறார்கள். இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்ய வழியுண்டு. இல்லாவிட்டால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவில், ஏற்கெனவே வேறு முறையில் நடந்த திருமணத்தைப் பதியலாம். அதற்கு விண்ணப்பிக்கும் முன் அந்தத் திருமண அலுவலரின் எல்லைக்குள் 30 நாள் வசித்திருக்க வேண்டும், விண்ணப்பித்த பிறகு ஆட்சேபணைக்கு 30 நாள் அறிவிப்பு ஓடும். சட்டத்தில் பதிவும் இரண்டாண்டும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருப்பதால், பதிவான தேதியிலிருந்தே அந்த 2 ஆண்டு எண்ணப்படும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். கூடவே ஒரே முகவரியில் வாழ்ந்ததற்கான வங்கிக் கணக்கறிக்கை, வரிப் படிவம், வெவ்வேறு காலத்துப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். துணைக்கான விண்ணப்பத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டால் கைகொடுப்பவை இவைதான்.

தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் பெயர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒருவர் பள்ளிச் சான்றிதழில் கே. செல்வராஜ். இந்தியக் கடவுச்சீட்டு எடுக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால், பெயர் செல்வராஜ், குடும்பப் பெயர் கருப்பையா. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபோதும் அதுவே தொடர்ந்தது, அங்கே எல்லோரும் அவரை மிஸ்டர் கருப்பையா என்றே கூப்பிட்டார்கள். இடையில் அவரைக் கல்யாணம் செய்துகொண்ட அமெரிக்கப் பெண், கணவர் பெயர் செல்வராஜ்தானே என்று தன் கடவுச்சீட்டில் செல்வராஜ் என்று போட்டுக்கொண்டார். திருமணச் சான்றிதழில் அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கிறது. நம் ஊர்க்காரர் யாருக்கும் இதில் குழப்பம் வராது. கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கோ நான்கு காகிதத்தில் நான்கு விதம். செய்ய வேண்டியது இது: எல்லாவற்றுக்கும் அடிப்படையாக இப்போதைய வெளிநாட்டுக் கடவுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், விண்ணப்பத்தில் அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். மாறியிருக்கிற ஒவ்வொரு பெயருக்கும் “இவரும் அவரும் ஒருவரே” என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்குங்கள். வெளிநாட்டில் நீதிமன்றத்தில் பெயர் மாற்றியிருந்தால் அந்த ஆணையும் வேண்டும். கடவுச்சீட்டிலேயே பிழை இருந்தால் அதைத் திருத்திய பிறகே ஓசிஐ பக்கம் போகலாம். அட்டையில் ஒருமுறை தவறாக ஏறிய பெயரைப் பிறகு சரிசெய்வது இன்னொரு முழு விண்ணப்பம்.

வரிசை முறையும் முக்கியம். இங்கே பிறந்தவர் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டில்தான் இருக்கிறார் என்றால், துணை நேரடியாக விண்ணப்பிக்கலாம். அவரும் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், முதலில் பழைய இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். பலர் குடியுரிமை மாறிய பிறகு அந்தப் பழைய கடவுச்சீட்டை ஞாபகார்த்தமாக அலமாரியில் வைத்திருப்பார்கள், அது அப்படியே இருக்கும்வரை எதுவும் நகராது. அந்தச் சான்றோடு அவர் தன் ஓசிஐ அட்டையைப் பெற்ற பிறகு, அந்த அட்டையைக் காட்டித் துணை விண்ணப்பிப்பார். இந்த இரண்டு படிக்கும் சேர்த்து ஒரு முழு ஆண்டை ஒதுக்குங்கள்.

விண்ணப்பத்தை வாழ்கிற நாட்டிலேயே போடுவது நல்லது. கட்டணம் வெளிநாட்டில் 275 டாலர், இந்தியாவில் 15,000 ரூபாய். சேவை மையத்தின் கட்டணம் தனி. இந்தியாவில் போடுவதென்றால் சுற்றுலா அல்லாத நீண்டகால விசாவில் 6 மாதம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அலுவலகம் சென்னை நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் வளாகத்தில் இருக்கிறது.

தள்ளிப்போடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. துணை என்ற முறையில் விண்ணப்பிக்க, விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் திருமணம் உயிரோடு இருக்க வேண்டும். ஓய்வுபெற்றுச் சாவகாசமாக வாங்கலாம் என்று இருந்து, இங்கே பிறந்தவர் முதலில் காலமாகிவிட்டால், மற்றவருக்கு அந்த வாசல் மூடிக்கொள்கிறது. நாற்பது ஆண்டு மருமகளாக வந்துபோன ஊரில், கணவரின் அக்கா தங்கைகள் நடுவில் மிச்சக் காலத்தைக் கழிக்க நினைப்பவர் சுற்றுலாப் பயணியாக வந்து போக வேண்டிய நிலை வரும். அட்டைக்கு வயது வரம்பு இல்லை, ஓய்வுபெறும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2 ஆண்டு நிறைந்ததும் வாங்கி வைத்துவிடலாம்.

ஓசிஐ வாய்க்காதவர்களுக்கும், அட்டை வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கும் உள்ளது எக்ஸ் விசா எனப்படும் நுழைவு விசா. இந்தியக் குடிமகனின் அல்லது இந்திய வம்சாவளியினரின் துணைக்கு இது கிடைக்கும். 5 ஆண்டு வரை கொடுப்பார்கள், இங்கேயே நீட்டிக்கலாம். வேலையோ தொழிலோ இதில் செய்யக்கூடாது. 180 நாளுக்கு மேல் தங்குகிறவர் பதிவு செய்ய வேண்டும். எத்தனை நாளுக்குள் என்ற குறிப்பு விசாவிலேயே இருக்கும். வந்து இறங்கி 14 நாளுக்குள் என்று அச்சிட்டிருந்தால் அது 14 நாள்தான், மாமியார் வீட்டு விருந்தெல்லாம் முடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய அறிவுரைகளில் 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தை மேற்கோள் காட்டியிருந்தால், அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அதன் இடத்தில் இருக்கிறது.

பதிவும் நீட்டிப்பும் இ-எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலக இணையதளத்தில் நடக்கின்றன. சென்னைக்கு வெளியே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்தான் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி என்பதால், விசாரிக்க உள்ளூர்க் காவலர் வீட்டுக்கு வரலாம். இங்கே விண்ணப்பம் சிக்குவது எப்போதும் முகவரிச் சான்றில்தான். வீடு மாமியார் பெயரில் இருக்கும், மின்கட்டண அட்டை காலமான மாமனார் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும், படிவம் சி-யில் கதவு எண் பழையதும் புதியதும் கலந்திருக்கும். வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டியது இந்தப் படிவம் சி (2025ஆம் ஆண்டு விதிகளில் படிவம் III). விடுதிகள் தாமாகச் செய்துவிடுகின்றன. வீட்டில் தங்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை, பிறகு பதிவின்போது அதன் ஒப்புகைச் சீட்டைக் கேட்பார்கள். ஆகவே வருவதற்கு முன்பே மின் இணைப்பைப் பெயர் மாற்றி வையுங்கள். மாமியார் கையொப்பமிட்ட கடிதம், அவருடைய ஆதார் நகல், மின் ரசீது மூன்றிலும் முகவரி ஒரே மாதிரி இருக்கட்டும். நீட்டிக்கும்போது திருமணச் சான்றோடு, துணை இன்னும் தன்னோடு வாழ்கிறார் என்று இந்தியத் துணை எழுதிக் கொடுக்கும் உறுதிக் கடிதமும் தேவைப்படும். கெடு முடிவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். கெடு தாண்டினால் அபராதம், அதற்குமேல் நாட்டைவிட்டுப் போவதற்கே அனுமதி வாங்க வேண்டும்.

ஓசிஐ வந்த பிறகும் இரண்டு கடமைகள் இருக்கின்றன, பலர் மறந்துவிடுகிறார்கள். திருமணத்தின் வழியாக அட்டை பெற்றவர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், அது கைக்கு வந்த 3 மாதத்துக்குள் அதன் நகலையும் புதிய புகைப்படத்தையும் ஓசிஐ இணையதளத்தில் ஏற்ற வேண்டும். திருமணம் தொடர்கிறது என்ற உறுதிமொழியும், துணையின் கடவுச்சீட்டு அல்லது ஓசிஐ நகலும் சேர வேண்டும். பூர்வீகத்தில் வாங்கியவருக்கு ஒவ்வொரு முறையும் இந்த வேலை இல்லை, 50 வயதுக்குப் பிறகு ஒருமுறை ஏற்றினால் போதும். இன்னொரு கடமை, இந்தியாவில் வசிக்கும் அட்டைதாரர் நிரந்தர முகவரி மாறினால் பதிவு அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் தெரிவிப்பது. ஆதார் வேண்டுமென்றால், அதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருக்க வேண்டும். ஓசிஐக்காரருக்கு அது 10 ஆண்டு செல்லும், எக்ஸ் விசாக்காரருக்கு விசா முடியும்வரைதான்.

இனி நிலம். ஓய்வுக்காலம் என்றாலே தோட்டம், கிணறு, நாலு தென்னை என்று கனவு காண்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஓசிஐ அட்டைதாரர் வீடு, மனை, அடுக்ககம் வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டப் பயிர் நிலம் வாங்க முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய உள்ளூர்க்காரருக்கும் இதே தடைதான். அப்பா வழி நிலம் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், பக்கத்து வயலை விலைக்கு வாங்கக்கூடாது. தரகர் “இது மனைதான் சார்” என்பார். பட்டாவைக் கையில் வாங்கி வகைப்பாட்டைப் பாருங்கள். புஞ்சை என்றோ நஞ்சை என்றோ இருந்து, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணும் இல்லை என்றால் விலகிவிடுங்கள். பத்திரப் பதிவு நடந்துவிட்டது என்பதால் அந்நியச் செலாவணி விதிமீறல் சரியாகிவிடாது. பல ஆண்டு கழித்து விற்கும்போதோ பணத்தை வெளியே அனுப்பும்போதோ அது வந்து முன்னால் நிற்கும்.

துணைக்கு ஓசிஐ இல்லாத நிலையில் வீடு வாங்குவதற்கும் ஒரு வழி உண்டு. 2019ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியர் அல்லது ஓசிஐக்காரருடன் கூட்டாக, அவருடைய வெளிநாட்டுத் துணை ஒரே ஒரு சொத்து வாங்கலாம். இங்கும் பதிவான, 2 ஆண்டு நீடித்த திருமணம் வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாகிஸ்தான், வங்கதேசம், சீனா, நேபாளம் முதலிய நாடுகளோடு இலங்கையும் ஒரு பட்டியலில் இருக்கிறது. அந்த நாட்டுக் குடிமக்கள் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே சொத்து வாங்க முடியாது, 5 ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டும் விலக்கு. ஓசிஐ கையில் இருந்தால் இந்தத் தடை அவர்களுக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்து மருமகள் பெயரையும் சேர்த்துத் திருச்சியில் வீடு வாங்க நினைப்பவர்கள், பத்திரத்துக்கு முன்னால் அட்டையை வாங்கிவிட வேண்டும்.

வரிக்கு விசா வகை ஒரு பொருட்டே இல்லை, நாள் கணக்குத்தான். நிதியாண்டில் 182 நாள் தங்கினால் வரிச் சட்டப்படி நீங்கள் இங்கு வசிப்பவர். முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு வெளியே இருந்தவருக்கோ, முந்தைய 7 ஆண்டில் 729 நாளுக்கு மேற்படாமல் இங்கே தங்கியவருக்கோ இடைநிலைத் தகுதி ஒன்று கிடைக்கும். அந்தத் தகுதி இருக்கும்வரை வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி வராது. நீண்டகாலம் வெளியே இருந்தவருக்கு இது பொதுவாக இரண்டு நிதியாண்டு, வந்து இறங்கும் தேதி பொருந்தினால் மூன்று. அங்குள்ள வீட்டையோ பங்குகளையோ விற்பதென்றால் அந்தக் காலத்துக்குள் விற்பது நல்லது. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வர வேண்டும்: இந்தியாவில் குடியேறியபின் அதன் ஆண்டு உயர்வு நின்றுவிடும், வரும்போது இருந்த தொகையே தொடரும். அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இங்கே செல்லாது. எனவே மருத்துவக் காப்பீட்டை ஆரோக்கியமாக இருக்கும்போதே இங்கே எடுத்துவிடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் ஓடி முடிய வேண்டும்.

இந்தியக் குடியுரிமையே வாங்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். இந்தியரை மணந்தவர் 7 ஆண்டு இங்கே வசித்த பின்னும், ஓசிஐ அட்டை பெற்று 5 ஆண்டு ஆனவர் 12 மாதம் இங்கே வசித்த பின்னும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இரட்டைக் குடியுரிமை இல்லாததால் பிறந்த நாட்டுக் கடவுச்சீட்டை விட்டுவிட வேண்டும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மெல்போர்னிலோ டொராண்டோவிலோ இருக்க, அவர்களைப் பார்க்கப் போவதற்கு 70 வயதில் விசா வரிசையில் நிற்க யாரையும் நான் தூண்டமாட்டேன். ஓட்டுப் போட்டே ஆக வேண்டும், விவசாய நிலம் வாங்கியே ஆக வேண்டும் என்கிறவர்கள் மட்டும் அந்த வழியில் போகலாம். அவர்களும் அங்கே உள்ள ஓய்வூதிய விதிகள் குடியுரிமை துறந்தவருக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும்.